நான்கு ஏடு கண்டு நாடு கடந்தவர்

கோவில்பதாகையிலிருந்து ஆவடிக்கு வந்து, சென்னைக் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறினால், வண்ணாரப்பேட்டைக்கு அடுத்தாற்போல் இராயபுரம் வந்துவிடும். அங்கே ஒரு கோயில் இருக்கிறது. அதற்குக் கோபுரம் இல்லை. கருவறையில் விக்கிரகமும் இல்லை. உள்ளே ஒரு தீ மட்டும் இரவும் பகலும் அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. பிரோஜ் கிளப்வாலா என்ற பார்சிப் பிரமுகர், சிறு வயதிலேயே இறந்துபோன தம் மகன் ஜாலின் நினைவாக 1910-ம் ஆண்டில் எழுப்பிய கோயில் அது. பார்சி அல்லாதவர் அதன் உள்ளே போக முடியாது.

அந்தத் தீயின் முன் ஓதப்படும் மந்திரங்களின் பொருள் என்ன? யார் எழுதிய வேதம் அது? இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னால் இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் ஐரோப்பா முழுவதிலும் ஒருவர்கூட இல்லை. அதைத் தெரிந்துகொண்டே தீருவது என்று ஒரு பிரெஞ்சு இளைஞர் கப்பலேறினார். அவர் முதலில் கால் வைத்தது நம் புதுச்சேரிக் கரையில். அவருடைய பெயர் ஆங்கெத்தில் துப்பெரோன்.

பாரிசில் கண்ட ஏடுகள்

ஆபிரகாம் ஹையசிந்த் ஆங்கெத்தில் துப்பெரோன் 1731-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். பாதிரியாராக ஆக்க வேண்டும் என்று வீட்டார் அவரை மதக் கல்விக்கு அனுப்பினார்கள். ஆனால் படிக்கப் போன இடத்தில் எபிரேய பாஷை அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு அரபு, அதன் பிறகு பாரசீகம் என்று கீழ்த்திசை மொழிகளின் மேல் மோகம் வளர்ந்தது. பாதிரிப் படிப்பைக் கைவிட்டு, அரச நூல்நிலையமே கதி என்று கிடந்தார்.

1754-ம் ஆண்டில் ஒரு நாள் சில தாள்கள் அவர் கண்ணில் பட்டன. மொத்தம் நான்கே ஏடுகள். யாரும் படிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தன. சூரத் நகரத்துப் பார்சிகளிடம் ஓர் இங்கிலீஷ் வியாபாரி வாங்கிய வேத புத்தகம் ஒன்று ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதைப் படிக்க ஆளில்லாமல், வருகிறவர்கள் பார்த்துப் போகும் காட்சிப் பொருளாகவே வைத்திருந்தார்கள். அதிலிருந்து பார்த்து எழுதிய நகல்தான் இந்த நான்கு ஏடுகள். பாரசீகத்தின் பழைய ஞானி ஜரதுஷ்டிரருடைய வேதம் அது என்று மட்டும் அறிஞர்களுக்குத் தெரியும்.

மற்றவர்கள் பார்த்துவிட்டு வியந்தார்கள். ஆங்கெத்திலோ அந்த நிமிஷமே இந்தியாவுக்குப் போவது என்று தீர்மானித்தார். போக வழி ஏது? கையில் பணம் கிடையாது. பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சாதாரணச் சிப்பாயாகப் பெயர் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்றுகூட நிறையவில்லை. மூட்டையில் இருந்தவை இரண்டு சட்டைகள், இரண்டு கைக்குட்டைகள், ஒரு ஜோடிக் காலுறை, கணிதக் கருவிப்பெட்டி ஒன்று, எபிரேய பைபிள் ஒன்று, இன்னும் ஓரிரு புத்தகங்கள்! பட்டாளத்தோடு துறைமுகம் வரையில் நடந்தே போனார்.

விஷயம் பெரியவர்கள் காதுக்கு எட்டியது. படிப்பாளி ஒருவர் துப்பாக்கி தூக்குவதா என்று சிபாரிசு செய்து, சிப்பாய் வேலையிலிருந்து விடுவித்தார்கள். கப்பலில் இலவச இடமும், சிறு சம்பளமும் கிடைத்தன.

புதுச்சேரியில் ஒரு மாணவர்

ஆறு மாதக் கடற்பிரயாணத்துக்குப் பிறகு, 1755-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி அவர் புதுச்சேரியில் இறங்கினார். துய்ப்ளே ஊர் திரும்பி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் புதுச்சேரியில் தங்கி, ஆங்கெத்தில் பேச்சுப் பாரசீகத்தைப் பழகிக்கொண்டார். அக்காலத்தில் இந்தியாவின் தர்பார்களில் எல்லாம் வழங்கிய பாஷை அதுதான்.

அடுத்து சமஸ்கிருதம் கற்கலாம் என்று வங்காளத்திலுள்ள சந்திரநாகூருக்குப் போனார். அங்கே நோய் கண்டு படுத்தார். எழுந்து தேறுவதற்குள் யுத்தம் மூண்டது. 1757-ம் ஆண்டு மார்ச்சில் சந்திரநாகூர் இங்கிலீஷ்காரர் வசமாயிற்று. ஆங்கெத்தில் தரை மார்க்கமாகப் புறப்பட்டார். காடு, ஆறு, கள்வர் பயம் எல்லாவற்றையும் கடந்து, பூரி ஜகந்நாதம் வழியாகக் கடற்கரையோரமே வந்து, மாதக் கணக்கான பிரயாணத்துக்குப் பின் மறுபடியும் புதுச்சேரியை அடைந்தார்.

அவருடைய சகோதரர் ஒருவர் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தார். இருவரும் சூரத் போகக் கப்பலேறினார்கள். ஆனால் நாட்டைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்று ஆங்கெத்தில் மட்டும் மாஹேயில் இறங்கிவிட்டார். அந்த ஆசைதான் அவரைக் கொச்சிக்கு அழைத்துச் சென்றது.

கொச்சியில் கண்ட செப்பேடு

கொச்சியில் அப்போது யூத சமூகத்தின் தலைவராக இருந்தவர் எசக்கியேல் ரகாபி. டச்சுக் கம்பெனியின் பெரிய வர்த்தகர். 1568-ல் கட்டிய மட்டாஞ்சேரி யூத ஆலயத்துக்கு மணிக்கூண்டு எழுப்பியவரும், சீனத்து நீலவண்ண ஓடுகளால் தளம் பதித்தவரும் அவரே. எபிரேய பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு அலையும் பிரெஞ்சு இளைஞரை அவர் அன்போடு வரவேற்றார்.

யூதர்களின் மதம் உலகத்தின் மிகப் பழைய மதங்களில் ஒன்று. இறைவன் ஒருவனே, அவனுக்கு உருவம் கிடையாது, அவனைச் சிலையாக வடிக்கலாகாது என்பது அதன் அடிப்படை. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த தங்கள் முன்னோரை மோசே மீட்டு வந்தார் என்றும், சீனாய் மலையில் இறைவன் அவருக்குக் கட்டளைகளை அருளினான் என்றும் அவர்கள் நம்புகிறார்கள். தோரா எனப்படும் ஐந்து ஆகமங்களே அவர்களுடைய வேதம். அதைத் தோல் சுருளில் கையால் எழுதி, ஆலயத்தில் ஒரு பேழைக்குள் வைத்திருப்பார்கள். ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்வார்கள். பதின்மூன்று வயதானால் பையன் சபை நடுவே வேதம் வாசிக்கும் உரிமை பெறுவான். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தது முதல் சனிக்கிழமை இருட்டும் வரையில் ஓய்வுநாள். அன்று வேலை கிடையாது. அடுப்பு மூட்டுவதும் கிடையாது. பன்றி மாமிசம் விலக்கு. மாமிசத்தையும் பாலையும் சேர்த்து உண்பதில்லை.

கி.மு. 586-ல் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை இடித்து, யூதர்களைச் சிறைபிடித்துச் சென்றார்கள். அவர்களுக்கு விடுதலை தந்தவர் பாரசீகச் சக்கரவர்த்தி சைரஸ். கி.மு. 539-ல் அவர் பாபிலோனைக் கைப்பற்றி, யூதர்கள் ஊர் திரும்பி ஆலயத்தை மறுபடி கட்டிக்கொள்ள அனுமதித்தார். வேற்று நாட்டு அரசர் ஒருவரை யூத வேதம் அவ்வளவு உயர்வாகப் போற்றுவது வேறெங்கும் இல்லை. இரண்டாவது ஆலயத்தைக் கி.பி. 70-ல் ரோமானியர் அழித்த பிறகு யூதர்கள் பல தேசங்களில் சிதறினார்கள். அப்படிச் சிதறியவர்களில் ஒரு கூட்டம்தான் கேரளக் கரையில் ஒதுங்கியது என்பது கொச்சி யூதர்களின் பரம்பரைச் செய்தி.

சேர மன்னர் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் சுமார் கி.பி. 1000-ல் கொடுத்த செப்பேட்டை ரகாபி ஆங்கெத்திலிடம் காட்டினார். எழுபத்திரண்டு உரிமைகளை அளிக்கும் பட்டயம் அது. எழுதப்பட்டிருப்பது எபிரேயத்தில் அல்ல. நம் பழைய வட்டெழுத்தில்! பாஷையும் பழந்தமிழோடு நெருங்கியது. ஆங்கெத்தில் அதன் நகலையும், எபிரேய மொழிபெயர்ப்பையும் வாங்கிக்கொண்டார். பிற்காலத்தில் தம் புத்தகத்தின் மூலம் ஐரோப்பியருக்கு அதை அறிமுகப்படுத்தினார். அன்னியராக வந்தவர்களுக்கு அரசன் பல்லக்கும் பகல்விளக்கும் கொடுத்து வாழவைத்த கதை இவ்விதம் கடல் கடந்தது.

சூரத் நகரத்துக் குரு

எல்லோராக் குகைகளைப் பார்த்துக்கொண்டு, 1758-ம் ஆண்டில் ஆங்கெத்தில் சூரத் போய்ச் சேர்ந்தார். பார்சிகளின் பெரிய புரோகிதர்களை தஸ்தூர் என்பார்கள். தஸ்தூர் தாராப், தஸ்தூர் காவூஸ் என்ற இருவரிடம் அவர் சீடராக அமர்ந்தார்.

குருமார்கள் உடனே வேதத்தைத் திறந்துவிடவில்லை. திறக்காததில் குற்றமும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளாகக் காப்பாற்றி வந்த பொருளை, நேற்றுக் கப்பலில் வந்த பரங்கியிடம் எப்படிக் கொடுப்பது? மாதங்கள் ஓடின. கடைசியில் தாராப் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். அந்தச் சமயம் சூரத் பார்சிகள் பஞ்சாங்கக் கணக்கு முதலான விஷயங்களில் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். எதிர்க்கட்சிப் பெரியவர் ஒருவரிடம் வேறொரு பிரதியை ஆங்கெத்தில் இரவல் வாங்கி, இரண்டையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்தார். தாராப் கொடுத்தது குறைப் பிரதி என்று தெரிந்தது! இவனை ஏமாற்ற முடியாது, இவன் மெய்யாகவே படிக்க வந்தவன் என்று தாராப் கண்டுகொண்டார். அதன் பிறகே பாடம் ஒழுங்காக நடந்தது.

தாராப் பாரசீகத்தில் பொருள் சொல்ல, ஆங்கெத்தில் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டார். 1759-ல் வெந்திதாத் என்ற ஆகமத்தின் மொழிபெயர்ப்பு முடிந்தது. நடுவே நோய் வந்தது. சக பிரெஞ்சுக்காரர் ஒருவரோடு மூண்ட வாட்சண்டையில் அந்த ஆள் இறந்துபோக, ஆங்கெத்தில் இங்கிலீஷ்காரரிடம் அடைக்கலம் புக நேர்ந்தது. முன்கோபம் அவரோடு கூடப்பிறந்தது. ஆனால் எந்த நிலையிலும் ஏட்டை மட்டும் கீழே வைக்கவில்லை.

1760-ல் அவர் பார்சி வேஷம் பூண்டு, தாராப்பின் உதவியோடு அக்கினிக் கோயிலுக்குள்ளும் போய் வந்தார். இது முறைதானா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழும். அந்தக் கோயில் வாசலில் நிற்கும் எந்தப் பார்சிக்கும் அது மனவருத்தம் தரக்கூடிய காரியம். ஆங்கெத்தில் அதை மறைக்கவில்லை; தம் புத்தகத்தில் தாமே எழுதிவைத்தார்.

நல்லெண்ணம், நற்சொல், நற்செயல்

அவர் கற்றுக்கொண்ட மதம் என்ன சொல்கிறது?

உலகைப் படைத்தவன் ஒருவன். அவன் பெயர் அகுர மஸ்தா. ஞானமே உருவான இறைவன். அவனை எதிர்த்து நிற்கும் தீய சக்தி அங்க்ர மைன்யு. பிற்காலத்தில் அகிரிமன் என்பார்கள். ஒளிக்கும் இருளுக்கும், மெய்க்கும் பொய்க்கும் இடையே ஓயாத போர் நடக்கிறது. மனிதன் அந்தப் போரை வேடிக்கை பார்க்க முடியாது. ஏதாவது ஒரு பக்கத்தில் சேர்ந்தே ஆகவேண்டும். நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல் என்ற மூன்றும் அவன் கையிலுள்ள ஆயுதங்கள். மனம், வாக்கு, காயம் என்று நாம் சொல்வது போலத்தான். இறந்தபின் உயிர் ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். நல்லவனுக்கு அது அகலமான பாதை; தீயவனுக்குக் கத்தி முனை. முடிவில் தீமை தோற்கும், உலகம் புதிதாகும்.

தீ அவர்களுக்குக் கடவுள் அன்று. கடவுளின் ஒளிக்கு அடையாளம். தீ, நீர், நிலம் மூன்றையும் அசுத்தப்படுத்தலாகாது. ஆகையால் பிணத்தை எரிப்பதும் இல்லை, புதைப்பதும் இல்லை. உயர்ந்த வட்டச் சுவருக்குள், திறந்த வெளியில் கழுகுகளுக்கு விட்டுவிடுவது பழைய வழக்கம். கழுகுகள் அருகிவிட்டதாலும், அதற்குரிய இடம் எல்லா ஊரிலும் இல்லாததாலும், இக்காலத்தில் பலர் வேறு வழியை நாடுகிறார்கள். குழந்தைகளுக்கு நவ்ஜோத் என்று ஒரு சடங்கு உண்டு. நமது உபநயனம் போன்றது. ஆனால் பெண்ணுக்கும் உண்டு. அன்றுமுதல் வெள்ளைச் சட்டையும், எழுபத்திரண்டு கம்பளி இழைகளால் நெய்த அரைக்கயிறும் அணிய வேண்டும். யஸ்னா என்ற வேதப் பகுதியின் அத்தியாயங்களும் எழுபத்திரண்டு.

பாரசீகப் பேரரசில் கோலோச்சிய மதம் இது. ஏழாம் நூற்றாண்டில் அரபு வெற்றிக்குப் பிறகு நிலைமை மாறியது. மதத்தைக் காக்க ஒரு கூட்டத்தார் கப்பலேறிக் குஜராத்தின் சஞ்சான் கரையில் இறங்கினார்கள். அவர்களே பார்சிகள். அவர்கள் வளர்த்த பழைய தீ பல ஊர் சுற்றி, 1742-ல் உத்வாடாவுக்கு வந்து, இன்றும் எரிகிறது.

பொய்யர் என்ற பழி

1761-ம் ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி இங்கிலீஷ்காரரிடம் வீழ்ந்தது. காசிக்குப் போய் வடமொழி வேதங்களைப் படிக்கலாம் என்றிருந்த ஆங்கெத்திலின் கனவும் அதோடு வீழ்ந்தது. இங்கிலீஷ் கப்பலிலேயே திரும்பினார். ஆக்ஸ்போர்டுக்குப் போய், தம் பிரதியை அங்கே காட்சிப் பொருளாக இருந்த பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பாரிசுக்குப் புறப்பட்டார். 1762-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி ஊர் போய்ச் சேர்ந்தார். நூற்று எண்பது ஏட்டுப் பிரதிகள் கொண்டுவந்திருந்தார். வேத ஏடுகளை அரச நூல்நிலையத்தில் சேர்த்துவிட்டார்.

1771-ல் ஜெந்த் அவெஸ்தா மூன்று பாகங்களாக வெளிவந்தது. பாராட்டு வரும் என்று காத்திருந்தவருக்கு வந்தது இடி. முன்னுரையில் ஆக்ஸ்போர்டுப் பண்டிதர்களை அவர் எள்ளியிருந்தார். அதற்குப் பழிவாங்க ஓர் இளைஞர் புறப்பட்டார். அவர்தான் பின்னாளில் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸ். பெயர் போடாமல், பிரெஞ்சு மொழியிலேயே ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். ஜரதுஷ்டிரரைப் போன்ற ஞானி இப்படிப்பட்ட பிதற்றல்களை எழுதியிருக்க முடியாது. இது மோசடி அல்லது ஏமாந்தவன் கொண்டுவந்த சரக்கு என்பது அவர் வாதம். ஐரோப்பாவில் பலர் அதையே நம்பினார்கள்.

மொழிபெயர்ப்பில் பிழைகள் மலிந்திருந்தது உண்மை. குருவுக்கே பழைய பாஷையின் இலக்கணம் முழுவதும் தெரியாது. பரம்பரையாகக் கேட்ட பொருளைத்தான் சொன்னார். ஆனால் மூலம் போலி அல்ல. ஆங்கெத்தில் வாயால் வழக்காடவில்லை. ஏடுகள் நூல்நிலையத்தில் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர் ஒருநாள் வருவார் என்று விட்டுவிட்டார்.

அவர்கள் வரத்தான் செய்தார்கள். ஆனால் அவர் கண்மூடிய பிறகு! 1826-ல் ராஸ்க் என்ற டென்மார்க்கு அறிஞர் அவெஸ்தா பாஷை மிகப் பழமையானது, வடமொழிக்கு உடன்பிறந்தது என்று நிலைநாட்டினார். 1833-ல் பூர்னூஃப் என்ற பிரெஞ்சு அறிஞர், ஆங்கெத்தில் கொண்டுவந்த அதே ஏடுகளை வைத்து ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். வடமொழியின் அசுரன் அங்கே அகுரன். சோமம் அங்கே ஹோமம். யக்ஞம் அங்கே யஸ்னம். சப்த சிந்து அங்கே ஹப்த ஹிந்து. யாரோ உட்கார்ந்து இட்டுக்கட்டி எழுதினால் இந்த ஒலி ஒழுங்கு வருமா? வராது. பழி நீங்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தீ இல்லாத அறை

அவெஸ்தாவோடு அவர் ஓயவில்லை. கீழ்நாடுகளில் சட்டமும் இல்லை, சொத்துரிமையும் இல்லை, எல்லாம் அரசன் இஷ்டம் என்று ஐரோப்பாவில் பேசி வந்தார்கள். அது தவறு என்று ஆதாரம் காட்டி 1778-ல் ஒரு நூல் எழுதினார். ஒளரங்கசீப்பின் அண்ணன் தாரா ஷிகோ 1657-ல் பாரசீகத்தில் பெயர்த்த ஐம்பது உபநிஷத்துக்கள், அயோத்தி நவாபின் தர்பாரில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் மூலம் அவர் கைக்கு வந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டு, அவற்றை லத்தீனில் பெயர்த்து 1801, 1802-ம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். உபநிஷத்து ஐரோப்பாவுக்குள் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். ஜெர்மன் தத்துவஞானி ஷோப்பனேர் அந்தப் புத்தகத்தைத் தம் வாழ்நாள் துணையாகப் போற்றினார்.

இதற்கிடையில் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. ஆங்கெத்தில் ஊரோடு உறவை அறுத்துக்கொண்டு ஒரு சிற்றறையில் ஒடுங்கினார். கல்யாணம் இல்லை, குடும்பம் இல்லை. ரொட்டி, பாற்கட்டி, கொஞ்சம் பால், கிணற்று நீர். இவ்வளவுதான் ஆகாரம். ஒருநாள் செலவு ரூபாயில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று நம் நாணயத்திலேயே கணக்குச் சொல்லிக்கொள்வார். மெத்தை கிடையாது. பாரிஸ் குளிரிலும் கணப்பில் தீ மூட்டுவது கிடையாது. உதவித்தொகை தர வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். 1804-ல் நெப்போலியனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யச் சொன்னபோது மறுத்து, அறிஞர் சபையை விட்டு விலகினார். 1805-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி, எழுபத்து மூன்றாம் வயதில் காலமானார்.

நான்கு ஏட்டைக் கண்டவர்கள் பலர். மீதி ஏடு எங்கே என்று கேட்டுப் புறப்பட்டவர் அவர் ஒருவர். பிறர் மதத்தைத் தூரத்தில் இருந்துகொண்டே புகழ்வதும் சுலபம், இகழ்வதும் சுலபம். அவர்கள் பாஷையைக் கற்று, அவர்கள் குருவின் எதிரே உட்கார்ந்து, அவர்கள் வாயாலேயே பொருள் கேட்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை ஆங்கெத்தில் ஏற்றார். ஐயத்தை அடக்கிக்கொண்டு ஓர் அன்னியருக்குப் பாடம் சொன்ன தஸ்தூர் தாராபுக்கும் அந்தப் புகழில் சரிபாதி உண்டு.

இராயபுரத்துக் கோயிலுக்குள் எல்லோரும் போக முடியாது. ஆனால் உள்ளே எரியும் தீ எதைச் சொல்கிறது என்று இன்று பள்ளிப் பிள்ளையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அதற்காகத் தீயே இல்லாத அறையில் குளிர்ந்து நடுங்கி எழுதியவர் ஒருவர் இருந்தார்.